பெய்ஜிங்கில் என்னைச் சாகடித்த மகனுக்கு

தம்பி,

சுகமாக இருக்கிறாயா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய். கன்னத்தில் சதை வைத்திருக்கிறாய், தலைமயிரை ஒழுங்காக வெட்டியிருக்கிறாய், நான் வாங்கித் தந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். இதெல்லாம் நான் ஒரு படத்தில் பார்த்தது. நீ அனுப்பிய படம் இல்லை. நீ பெய்ஜிங்கில் ஏமாற்றிய ஒரு மனுசி தன் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய படம். தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டேன். அம்மாவின் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். பதில் இப்போது வருகிறது, நீளமாக வருகிறது, தமிழில் வருகிறது. எழுத்துக்கூட்டி வாசி. மழையிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறி ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு இங்கிலிஷில் கதைக்கும்போது என் பிள்ளை வாய் நிறையத் தமிழ் பேசுகிறான் என்று பெருமைப்பட்டவளும் நான்தான். அந்தத் தமிழை நீ தூண்டிலில் குத்தித் தெருவில் போட்டுக்கொண்டு நிற்பாய் என்று தெரிந்திருந்தால் உன்னை வீட்டிலேயே படுக்க விட்டிருப்பேன்.

எப்படித் தெரியவந்தது என்று நீ இரண்டு தரம் கேட்டாய். அன்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, எனக்குக் கன்ரீன் வேலை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கிழக்கு லண்டன் பார்க்கிங்கிலிருந்து ரயிலேறி வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது பக்கத்துக் கதிரைக்கு ஒரு அம்மா வந்தார். எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். பட்டுச் சேலைக்கு மேலே தடித்த கார்டிகன். மலேசியாவிலிருந்து நேர்ஸ் படிக்க வந்து, முப்பது வருடம் இங்கே ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். கணவரோடு தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதத்தில் இருக்கிறார். சரோஜா என்று பெயர். உப்பு எங்கே என்று நான் யாரையோ கேட்டதைக் கேட்டவுடனேயே அவருடைய முகம் மலர்ந்தது.

“நீங்க யாழ்ப்பாணமா?”

“ஓம்.”

“எங்களுக்கும் ஒரு யாழ்ப்பாணப் பையன் இருக்கான். பெத்த பிள்ளை இல்ல. சைனாவுல கிடைச்சவன். அவங்கம்மாவுக்காகத்தான் வாராவாரம் இங்க வந்து விளக்கேத்துறேன். பாவம், செத்துப்போயிட்டாங்க.”

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். போன செப்டம்பரில் கணவர் பரமசிவத்தோடு ஒரு சுற்றுலாக் குழுவில் பெய்ஜிங்குக்குப் போயிருக்கிறார். பத்து நாள் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண்ணுக்குப் பின்னால் நடந்து, பத்து நாள் விளங்காத பேச்சைக் கேட்டு, ஊர் திரும்புவதற்கு முதல் நாள் இருவரும் தனியாகப் பெரிய கடைத்தெரு ஒன்றைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அவர் கணவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நடக்க, பின்னாலிருந்து ஒரு குரல்: “நீங்கள் தமிழோ?” அந்த இடத்தைச் சொல்லும்போது சரோஜா அக்கா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அந்தக் கூட்டத்துல தமிழ் கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தங்கச்சி.” நீ ஒரு மணித்தியாலம் அவர்களோடு நடந்தாய். எந்தப் பேரிக்காய் இனிக்கும் என்று காட்டினாய். அவர்கள் விலை கேட்ட பட்டு பட்டே அல்ல என்று தடுத்தாய். இங்கே வெளிநாட்டாரைக் கண்டால் ஏமாற்றுவார்கள், கவனமாக இருங்கள் என்று எச்சரித்தாய். பிறகு உன்னோடு படிக்கும் இரண்டு சீனப் பெண்பிள்ளைகள் தற்செயலாக எதிரே வந்தார்கள். ஓவியம் படிக்கிற பிள்ளைகளாம். அவர்களுடைய ஆசிரியரின் கண்காட்சி பக்கத்து மாடியில் நடக்கிறதாம். அன்றுதான் கடைசி நாளாம்.

அந்த இடத்திலேயே எனக்குத் தொழில் விளங்கிவிட்டது. ஏன் விளங்கியது என்பதைப் பிறகு சொல்கிறேன். சரோஜா அக்காவுக்கு விளங்கவில்லை. அன்று மட்டுமல்ல, ஆறு மாதம் கழித்து கோயிலில் உட்கார்ந்து எனக்கு அதைச் சொல்லும்போதும் விளங்கவில்லை. தான் ஏமாற்றப்பட்ட கதையை ஒரு நல்ல கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே தேநீர் கொடுத்தார்களாம், பெருவிரல் அளவுக் கோப்பைகளில், ஒன்றன் பின் ஒன்றாக ஆறு விதமாம். ஒவ்வொன்றின் பெருமையையும் நீ தமிழில் எடுத்துச் சொன்னாயாம். கடைசியில் தேநீருக்குப் பெரிய பில் வந்தபோது நீயே திடுக்கிட்டாயாம். பெண்பிள்ளைகளோடு சீனத்தில் சண்டை பிடித்தாயாம். பிறகு உன் சட்டைப் பையில் இருந்த காசுத் தாள்களையெல்லாம் எடுத்து மேசையில் வைத்து, நானும் பங்கு போடுகிறேன் என்றாயாம். “படிக்கிற பிள்ளைகிட்ட வாங்குவோமா? திருப்பி அவன் பையிலேயே வெச்சிட்டோம்,” என்றார். அந்தச் சண்டையும் நடிப்பு, அந்தத் தாள்களும் உன் தொழிலுக்கான சாமான் என்று நான் எப்படிச் சொல்வேன்? பில்லையும் கட்டி, ஆசிரியர் கையால் கீறியது என்று ஒரு மலையும் ஆறும் உள்ள படத்தையும் வாங்கினார்களாம். படம் விற்ற காசு உன் படிப்புக்கு உதவும் என்று அந்தப் பெண்பிள்ளைகள் சொன்னார்களாம்.

“ஏன் அவ்வளவு குடுத்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“தாயில்லாப் பிள்ளை. குண்டு போட்டப்போ அவன் ஸ்கூல்ல இருந்தானாம். ஓடி வந்து பார்த்தா குசினிச் சுவர் மட்டும்தான் நிக்குதாம். இதைச் சொல்றப்ப அவன் அழல. கோப்பையையே பார்த்துக்கிட்டு இருந்தான். நான்தான் அழுதேன். அர்ச்சனை பண்ணணும், உங்கம்மா பேர் சொல்லுப்பான்னேன்.”

நீ சொன்ன பெயர் என்னுடையது. ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கிற பெயர்தான் என்று இருந்தேன். குமார் என்று அவனுக்குப் பெயராம், இந்தா பார் என்று படத்தை எடுத்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு பேருடைய தோளிலும் கைபோட்டுக்கொண்டு நீ நின்றாய். “உங்க பேர் என்னம்மா?” என்று சரோஜா அக்கா கேட்டார். நான் வாயில் வந்த வேறொரு பெயரைச் சொன்னேன். உனக்கு எங்கிருந்து அந்தக் குணம் வந்தது என்று இனி நான் யாரையும் கேட்கத் தேவையில்லை.

அந்தக் குசினிச் சுவரை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அது எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. இராசமணி அக்காவின் வீடு. உன் வகுப்பில் படித்த அவருடைய மகன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்ததை, அன்று காய்ச்சலில் வீட்டில் நின்ற நீயும் நானும் வேலியோரம் நின்று பார்த்தோம். அவனுடைய தாயின் சாவைத்தான் நீ எடுத்துக் கொண்டுபோய் அங்கே விற்றிருக்கிறாய். அதில் என் பெயரை ஒட்டியிருக்கிறாய். நீ பொய் சொன்னாய் என்பதைவிட, உண்மையில் நடந்த ஒன்றைத் திருடிப் பொய் சொன்னாய் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே இருக்கிறான் என்றாவது யோசித்தாயா?

இன்னொன்றும் நீ பார்த்திருக்கிறாய். உனக்கு ஒன்பது வயது. அப்பா ஏற்கெனவே லண்டனுக்கு வந்துவிட்டார், நாங்கள் இருவரும் விசாவுக்காகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தோம். எனக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலிஷ் அரைகுறை. விசா வரிசையில் நின்றபோது ஒருவன் வந்து, “அக்கா, யாழ்ப்பாணமோ? நானும் அங்காலதான்,” என்றான். அந்த ஒரு ‘அக்கா’வுக்கு என் உடம்பெல்லாம் இளகிவிட்டது. உனக்குச் சோடா வாங்கித் தந்தான். உள்ளே ஆள் இருக்கிறது, படிவத்தை இன்றைக்கே எடுத்துத் தருகிறேன் என்று என் இரண்டு காப்புகளையும் கழற்றி வாங்கிக்கொண்டு போனான். பின்னேரம் வரை அந்த மதிலோரம் நின்றோம். மாமா வருவார், மாமா வருவார் என்று நீதான் சொல்லிக்கொண்டிருந்தாய். வரமாட்டான் என்று விளங்கியபோது நீ சந்தி வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, பெரியவனானதும் அவனைப் பிடித்து அடிப்பேன் என்றாய். தம்பி, அவனைத் தேடி நீ இவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை. கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு சப்பாத்தோடு அப்படியே இருந்துவிட்டார். பிறகு, “இஞ்சரும், இதை இதோடை விடும். அந்த மனுசி சந்தோசமாத்தானே இருக்கிறா? போய்ச் சொல்லி என்ன காணப்போறீர்? எங்கடை மானம்தான் போகும்,” என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போனேன். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். சரோஜா அக்கா வந்தார். லண்டனின் அந்த முனையிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வந்த களைப்பில் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விளக்கை ஏற்றி, கண்ணை மூடி, என் பெயரைச் சொல்லி, என் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்று கும்பிட்டார். உயிரோடு நின்று அதைப் பார்த்தேன். அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல என்னால் ஏலாது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

நீ மறுப்பாய், அழுவாய், மன்னிப்புக் கேட்பாய் என்று ஏதோ ஒன்றை எதிர்பார்த்தேன். நீ கொட்டாவி விட்டாய். “அம்மா, அது ஒரு வேலை. எனக்குக் கொமிஷன். நான் ஆரையும் அடிக்கேல்லை, கத்தி காட்டேல்லை. சுற்றுலா போற ஆக்கள் வசதியான ஆக்கள்தானே? அவைக்கு அது ஒரு பின்னேரத்துச் செலவு.”

“பள்ளிக்கூடத்திலை இங்கிலிஷ் படிப்பிக்கிறன் எண்டு சொன்னியே?”

“அதிலை ஒண்டும் வராது.”

“என்னை ஏன் சாகடிச்சனி?”

அதற்கு மட்டும் கொட்டாவி வரவில்லை. “அது சும்மா ஒரு கதை அம்மா. எல்லாரும் ஏதாவது சொல்லுவினம். அந்த மனுசி திடீரெண்டு பேரைக் கேட்டுட்டுது, உங்கடை பேர்தான் வாயிலை வந்தது.” பிறகு உன் குரல் மாறியது. “நீங்கள் என்ன பெரிய ஆளோ? கடைச் சால்வைக்கு லேபிள் தைக்கேல்லையோ? எனக்கு முன்னாலை, நான் ஹோம்வேர்க் செய்த மேசையிலைதானே தைச்சனீங்கள்? நீங்கள் செய்தா பிள்ளை வளர்க்கிறது, நான் செய்தா களவோ?”

இதுதான் நீ கேட்ட கேள்வி. இதற்குத்தான் நான் ரிசீவரை வைத்தேன்.

ஓம், தைத்தேன். எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஒன்றையும் விடவில்லை. எண்பத்தொன்பதிலிருந்து நான்கு வருடம் பிக்கடிலிப் பக்கம் ஒரு சுற்றுலாக் கடையில் நின்றேன். தொப்பி, தட்டு, சிவப்புப் பஸ் பொம்மை, சால்வை. ஒரு சாமானிலும் விலை எழுதியிருக்காது. முகத்தைப் பார்த்து விலை சொல்லு என்பதுதான் முதலாளி எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். சப்பாத்தைப் பார், கமெராவைப் பார், வழிகாட்டியோடு வந்திருக்கிறார்களா என்று பார், நாளைக்கே ஊருக்குப் போகிறவர்களா என்று கதையோடு கதையாகக் கேள். நாளைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து சண்டை பிடிக்க மாட்டார்கள். சால்வைகள் மலிவு நைலோன் நூலில் செய்தவை, கட்டுக்கட்டாக வரும். தனியாக ஒரு பையில் லேபிள்கள் வரும்: ஸ்கொட்லாந்தில் நெய்தது, சுத்தக் கம்பளி என்று பொன்னெழுத்தில். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையல் முடித்து, மேசையில் வைத்து நான் தைத்தேன். நீ எதிரே இருந்து கணக்குச் செய்தாய். “அம்மா, ஸ்கொட்லாந்து எங்கையிருக்கு?” என்று ஒருநாள் கேட்டாய். “இந்தப் பைக்குள்ளை,” என்றேன். இருவரும் சிரித்தோம்.

அதைவிட மோசமானதும் உண்டு. உனக்குப் பதினாறு வயதில் ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை எனக்குக் கொண்டுவந்து தந்துவிட்டுக் கடையில் நின்றாய். ஒரு சீன அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா சால்வையைத் தடவித் தடவிப் பார்த்துத் தயங்கினார். நான் கேட்காமலே நீ முன்னால் வந்தாய். என் அப்பாவுக்கு நெஞ்சுச் சளி, இரண்டு குளிர்காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தார், இந்தச் சால்வை போட்ட பிறகுதான் எழும்பி நடக்கிறார் என்று உன் பள்ளிக்கூட இங்கிலிஷில் அவ்வளவு பணிவாகச் சொன்னாய். அந்த அம்மா உன் கன்னத்தைத் தொட்டார். இரண்டு வாங்கப் பார்த்தவர் ஐந்து வாங்கினார். கதவைத் தாண்டியதும் நான் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார். அந்தக் கதையை எத்தனை பிறந்தநாள் வீடுகளில் சொன்னேன்! ‘இவன் பிழைக்கத் தெரிஞ்ச பிள்ளை’ என்று எத்தனை பேர் உன் முதுகில் தட்டினார்கள்! நீ சீனம் படிக்கப் போகிறேன் என்றபோதுகூட, சீனனுக்கே சால்வை விற்றவன் என்று எல்லோரும் பகிடி விட்டோம். அன்றைக்கு நான் உன்னை ஒரு அறை அறைந்து, அந்தத் தாயையும் மகளையும் தெருவில் ஓடிப் பிடித்துக் காசைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. அன்று உன் தகப்பனை நோயாளியாக்கினாய், நான் சிரித்தேன். நோயாளியாக்கியவன் பிணமாக்குவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்?

ஆகையால் உன் கேள்விக்குப் பதில்: நான் செய்ததும் களவு. பிள்ளை வளர்த்தேன் என்பது அதன் மேல் நான் தைத்த லேபிள். ஆனால் அதைச் சொல்லி நீ தப்பிப் போகலாம் என்று நினைக்காதே. தகுதியுள்ள தாய்மார் மட்டும்தான் புத்தி சொல்லலாம் என்றால் உலகத்தில் ஒரு பிள்ளைக்கும் புத்தி கிடைக்காது. நான் அதை விட்டேன், கன்ரீனில் தட்டுக் கழுவப் போனேன். பெரிய மனம் திருந்தல் ஒன்றும் இல்லை, கடையை மூடினார்கள், அவ்வளவுதான். ஆனால் என் கையால் தைத்த சால்வையைப் போட்டவர்களை இனி நான் எங்கே தேடுவேன்? எந்த ஊர், எந்தப் பெயர் என்று தெரியாது. நீ ஏமாற்றியவர்கள் ஸ்ட்ரெதத்தில் இருந்தார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள் என்று சரோஜா அக்கா கோயிலில் துண்டில் எழுதித் தந்த முகவரி என் கைப்பைக்குள் இருந்தது. அப்பாவிடம் சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன்.

கதவைத் திறந்தவர் பரமசிவம் ஐயா. கவுன்சிலில் வரைபடம் கீறும் வேலை செய்து ஓய்வெடுத்தவர். மெலிந்த, அளந்து பேசுகிற மனுசன். முன்னறையில் ஹீட்டருக்கு மேலே அந்தப் படம், கண்ணாடி போட்டுத் தொங்கியது. மலை, ஆறு, ஒரு தோணி. சரோஜா அக்கா தேநீர் கொண்டுவந்தார். நான் கோப்பையைத் தொடவில்லை.

“அக்கா, கோயிலிலை நான் சொன்ன பேர் என்ரை பேர் இல்லை. நீங்கள் ஆருக்கு விளக்கேத்திறீங்களோ, அது நான்தான். அந்தப் பெடியன் என்ரை மகன். நான் சாகேல்லை.”

அவருடைய முகத்தில் முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோசம். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். “உயிரோட இருக்கீங்களா! கடவுளே! அவனுக்குத் தெரியுமா? யாராச்சும் பிள்ளைக்குச் சொன்னாங்களா?” என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். “என்னங்க, அந்த போனை எடுங்க. அவன் நம்பர் என்னம்மா? அங்க தனியா அழுதுக்கிட்டு இருப்பான்.”

தம்பி, நான் உன்னை எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்திலும் திட்டிவிட்டேன். ஆனால் அந்த மனுசி தொலைபேசியை நோக்கி நாலு அடி வைத்தாரே, அந்த நேரம் உன்மேல் எனக்கு வந்த வெறுப்புக்குச் சொல் கிடையாது. பெற்ற வயிறு என்று எதுவும் அப்போது தடுக்கவில்லை.

“அவனுக்குத் தெரியும், அக்கா,” என்றேன். “போன ஞாயிற்றுக்கிழமையும் என்னோடை கதைச்சவன்.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.  ஒவ்வொன்றாக நான் சொல்ல வேண்டியிருந்தது: பெண்பிள்ளைகள், தேநீர், சண்டை, படம். சொல்லி முடித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். பரமசிவம் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “ஹோட்டலுக்கு வந்து வெளிச்சத்துல பிரிச்சுப் பார்த்தேன். அச்சடிச்ச படம். முப்பது வருஷம் கோடு போட்டவன், எனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு அழுதிருந்தே. சொல்ல மனசு வரல.”

“ஆறு மாசமாவா?” என்று கேட்டார் சரோஜா அக்கா. “வெள்ளிக்கிழமையானா நீங்கதானே என்னைக் கார்ல கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடுவீங்க? நான் போயி யாருக்குக் கும்பிட்டேன்? போற வழியெல்லாம் பேசுவேனே, ஒரு நாளாவது வாயத் திறந்தீங்களா?”

 பரமசிவம் ஐயா என் பக்கம் திரும்பினார். “நீங்க வந்து சொன்னதுல யாருக்கு என்ன லாபம்? உங்களுக்கு மனசு லேசாச்சா?”

லேசாகவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வர நியாயம் இருந்தது. நாற்பது வருடம் ஒன்றாக இருந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் நிற்பதை நான் பார்த்தேன். நீ சொன்னாயே, ஒரு பின்னேரத்துச் செலவு என்று. உன் பொய் அவர்களுடைய வீட்டுக்குள் போய் இன்னொரு பொய்யைக் குட்டி போட்டிருக்கிறது. அதை எந்தப் பில்லில் எழுதினாய்?

சரோஜா அக்கா மெதுவாக வந்து கதிரையில் இருந்தார். “அவன் பேர் குமார் இல்லையில்ல? நிஜப் பேர் என்ன?” என்று கேட்டார். நான் ஒரு தாள் வாங்கி உன் முழுப் பெயரையும், உன் அறையின் முகவரியையும், நீ முன்பு படித்த இடத்தையும் என் கையால் எழுதிக் கொடுத்தேன். பரமசிவம் ஐயா அதைக் கண்ணாடி போட்டு வாசித்தார். அங்குள்ள தூதரகத்துக்கும் பொலிசுக்கும் எழுதப் போவதாகச் சொன்னார். உன் தாயான நான் வேண்டாம் என்று கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எழுதுங்கோ, ஐயா,” என்றேன். அவர் அன்றைக்கே எழுதியிருப்பார், அப்படிப்பட்ட மனுசன். இதை நீ வாசிக்கும்போது உன் கதவை யாராவது தட்டியிருக்கலாம், தட்டாமலும் இருக்கலாம். இதை உனக்கு முன்கூட்டியே சொல்லி ஓட வைக்கக் கூடாது என்றுதான் இரண்டு கிழமை பொறுத்து எழுதுகிறேன். அப்பா என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும்.

நான் புறப்பட்டபோது பரமசிவம் ஐயா எழும்பவில்லை. சரோஜா அக்கா மட்டும் வாசல் வரைக்கும் வந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

“ஒண்ணு மட்டும் தெரியணும். எல்லாம் முடிஞ்சு படியிறங்குறப்ப எனக்குத் தலை சுத்திருச்சு. காசெல்லாம் குடுத்தாச்சு. அவனுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. அந்தப் பொண்ணுங்க வரல, உள்ளயே நின்னுட்டாங்க. இவன்தான் என்னைத் தாங்கிப் பிடிச்சு மூணு மாடியும் இறக்கிக் கூட்டிட்டு வந்தான். ஒவ்வொரு படியா, மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே வந்தான். டாக்ஸி வர்ற வரைக்கும் கையை விடல. அதுவும் நடிப்பா?”

“எனக்குத் தெரியாது, அக்கா,” என்றேன்.

அது நான் அவருக்குச் சொன்ன உண்மை. எனக்குத் தெரியாது. தெரிந்தவன் நீ ஒருவன்தான். அவருடைய முகவரியை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்குப் பதில் போடாதே, வந்தாலும் பிரிக்க மாட்டேன். அவருக்கு எழுது. அது நடிப்பு என்றால் நடிப்பு என்றே எழுது.

அம்மா